செண்பகம் வளர்ப்பு: கன்று வாங்கும் நாள் முதல் ஒட்டுக் கட்டுவது வரை

நர்சரியில் 'மக்னோலியா' என்று கேட்டால், பளபளக்கும் தடித்த இலைகளோடு ஒரு கன்றை எடுத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது மக்னோலியா கிராண்டிஃபுளோரா. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தது. ஊட்டி, பெங்களூரு போன்ற இடங்களில் ஓரளவு வரும். திருச்சி, மதுரை வெயிலில் திணறும். அதே பேரினத்தில் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் சொந்த மரம் ஒன்று இருக்கிறது: செண்பகம். குற்றாலத்துச் செண்பகாதேவி அருவியின் பெயரில் இருப்பதும், திருநாகேச்சரம் கோயிலில் தலமரமாக நிற்பதும் இதுதான்.

நர்சரிச் சீட்டுகளில் இன்னும் பழைய பெயரான மைக்கேலியா சம்பகா என்றே எழுதியிருக்கும். 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர் அது. மற்ற மக்னோலியாக்கள் கிளை நுனியில் பூக்கும். செண்பகம் இலைக்கக்கத்தில், அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், பூக்கும். அதனால்தான் நெடுங்காலம் தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்தபின் இரண்டையும் ஒன்றாக்கி, இப்போது மக்னோலியா சம்பகா என்கிறார்கள். இலைக்கக்கத்தில் பூப்பது என்ற இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கவாத்து செய்யும்போது அது தேவைப்படும்.

வீட்டில் செண்பகம் வைத்தவர்களிடம் கேட்டால் திரும்பத் திரும்ப மூன்று குறைகள்தான் வரும். நன்றாக இருந்த கன்று மழைக்காலத்தில் திடீரென்று பட்டுப்போனது. இலை எப்போதும் மஞ்சளாகவே இருக்கிறது. மரம் கூரையைத் தாண்டியும் ஒரு பூ இல்லை. முதல் இரண்டுக்கும் காரணம் வேரில் இருக்கிறது. மூன்றாவது, கன்று வாங்கிய அன்றே முடிவானது.

கன்று வாங்கும் நாள்

விதைக் கன்று பூக்க எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். ஒட்டுக் கன்று, அதாவது பூத்த மரத்தின் குச்சியை விதைக் கன்றின்மேல் ஒட்டியது, இரண்டு மூன்று ஆண்டுகளில் பூக்கும். சில கன்றுகள் பையில் இருக்கும்போதே மொட்டு வைக்கும். விலை வித்தியாசத்தைப் பார்த்து விதைக் கன்று எடுத்தால் பத்து ஆண்டு காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும். ஓங்கி வளரும் மரமும் நிழலும் வேண்டும், இடமும் இருக்கிறது என்றால் விதைக் கன்றே நல்லது. அடிமரம் நேராக வரும், ஆணிவேர் ஆழமாக இறங்கும். காட்டில் இது 30 மீட்டருக்கு மேல் போகும் மரம். சிறிய மனையில், பூவுக்காக வைப்பவருக்கு ஒட்டுதான்.

'ஒட்டு' என்று சொல்லி விதைக் கன்றைக் கொடுப்பது சகஜம். ஆகவே சொல்லை நம்பாமல் தண்டைப் பாருங்கள். மண்ணிலிருந்து ஆறு அங்குலம் முதல் ஓரடி உயரத்துக்குள் ஒரு வீக்கம், சாய்வான தழும்பு, அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறத்தில் வேறுபாடு ஆகியவை இருந்தால் ஒட்டு. விதைக் கன்று அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகக் குச்சிபோல் போகும்.

மஞ்சள் செண்பகமா, வெள்ளையா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளைச் செண்பகம் என்று விற்பது மக்னோலியா ஆல்பா; செண்பகமும் இன்னொரு மக்னோலியாவும் கலந்த கலப்பினம். அது பெரும்பாலும் விதை கட்டாது. ஆகவே யாராவது 'வெள்ளைச் செண்பக விதைக் கன்று' என்று கொடுத்தால் சந்தேகப்பட வேண்டும். நீலகிரிச் சோலைகளில் வெள்ளையாகப் பூக்கும் காட்டுச் செண்பகம், மக்னோலியா நீலகிரிகா, வேறு இனம். அது மலைக்காரர்களுக்கான மரம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீடு இருப்பவர்கள் தாராளமாக வைக்கலாம். சமவெளிக்குக் கொண்டு வந்து வதைக்க வேண்டாம்.

கன்று செண்பகம்தானா என்று உறுதி செய்ய ஓர் எளிய அடையாளம் உண்டு. இளந்தண்டில் ஒவ்வொரு கணுவையும் சுற்றி மோதிரம்போல் ஒரு கோடு ஓடும். நுனிக் குருத்தை மூடியிருக்கும் உறை உதிர்ந்த தழும்பு அது. மக்னோலியாக் குடும்பம் முழுவதற்கும் இந்த மோதிரம் உண்டு.

பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். பென்சில் பருமனுக்கு வேர் பையைக் கிழித்துத் தரையில் இறங்கியிருந்தால் அந்தக் கன்றை விட்டுவிடுங்கள். எடுக்கும்போது அந்த வேர் அறும். செண்பகம் அதை எளிதில் மன்னிக்காது. இதன் வேர்கள் சதைப்பற்றானவை, கயிறுபோல் தடித்தவை, கிளைவேர் குறைவு. வேம்பு, புங்கன்போல வெட்டுப்பட்ட இடத்திலிருந்து சட்டென்று புதுவேர் விடாது. மூன்றடிக் கன்றைவிட ஒன்றரை அடிக் கன்று வேகமாகப் பிடிப்பதற்கு இதுவே காரணம். பெரிய கன்றாக வாங்கினால் சீக்கிரம் மரமாகும் என்ற கணக்கு இங்கே பலிக்காது.

மண்ணைச் சோதிப்பது

நடுவதற்கு ஒரு மாதம் முன்பே இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். இரண்டுக்கும் செலவில்லை.

ஒன்று, தண்ணீர் இறங்குகிறதா என்பது. ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி, முழுவதும் வடிய விடுங்கள். மறுபடி நிரப்பிக் குச்சியில் அடையாளம் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலமாவது இறங்கினால் அந்த இடத்தில் குழி நடவு செய்யலாம். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே குழியே வேண்டாம், மேடு போட வேண்டும்.

இன்னொன்று சுண்ணாம்பு. ஓரடி ஆழத்து மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, காயவைத்து, மேலே வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. செண்பகத்துக்குப் பிடித்தது சற்றே அமிலத்தன்மையுள்ள மண்; பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருந்தால் உத்தமம், 7 வரை பரவாயில்லை. நுரைக்கும் மண்ணில் பி.எச். 8-ஐ ஒட்டி இருக்கும்.

நகரத்து வீடுகளில் இந்தச் சோதனை ஏன் முக்கியம் என்றால், கட்டட வேலை முடிந்ததும் பூச்சுக் கலவை, உடைந்த செங்கல், சிமெண்ட் கழுவிய தண்ணீர் எல்லாம் போய்ச் சேர்வது சுவரோரத் தோட்ட மண்ணில்தான். மேலே நான்கு அங்குலம் செம்மண்ணைக் கொட்டிப் பசுமையாக்கியிருப்பார்கள். கடப்பாரை போட்டால் கீழே கட்டடக் குப்பை வரும். அந்த மண்ணில் செம்பருத்தி வரும், செண்பகம் வராது. அப்படி இருந்தால் மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்துக்கு அள்ளி வெளியே போட்டுவிட்டு, வேறு செம்மண் கொண்டுவர வேண்டும். சலிப்பது பயன் தராது. தூளாகக் கலந்த சிமெண்டைச் சலித்து எடுக்க முடியாது.

இடத்தைப் பொறுத்தவரை சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் 15 அடி தள்ளி வையுங்கள். ஒட்டுக் கன்றைக் கவாத்து செய்து 12 அடிக்குள் வைத்துக்கொள்வதாக இருந்தால் 10 அடி போதும். பூவுக்குக் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். ஆனால் முதல் இரண்டு கோடையில் மேற்கு வெயில் நேராகத் தண்டில் விழக்கூடாது. பட்டை வெந்து, வெடித்து, அந்த வெடிப்பில் பூசணம் நுழையும். மேற்குப் பக்கம் மட்டும் ஒரு பழைய சாக்கோ ஓலைத் தட்டியோ நிறுத்தினால் போதும்.

குழியும் மேடும்

செம்மண்ணில் இரண்டரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி. மேல் ஓரடி மண்ணைத் தனியாகவும் கீழ்மண்ணைத் தனியாகவும் போட்டு, பத்து நாள் வெயிலில் ஆறவிடுங்கள். திரும்ப மூடும்போது மேல்மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரம் 30 கிலோ, வேப்பம் புண்ணாக்கு அரை கிலோ, வேரழுகலைத் தடுக்கும் நன்மைப் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடி 50 கிராம் கலந்து போடுங்கள். மக்காத சாணம் கூடாது. உள்ளே சூடாகி வேரைக் கருக்கும், வெள்ளைப் புழுவையும் கூட்டும். 30 கிலோவுக்கு மேல் உரம் சேர்ப்பதிலும் லாபமில்லை. மக்கும் பொருள் மக்க மக்கக் குழி இறங்கும், செடியும் கூடவே இறங்கும்; ஓராண்டில் தண்டு மண்ணுக்குள் இரண்டு அங்குலம் புதைந்து நிற்கும். மூடிய குழியில் இரண்டு முறை தண்ணீர் நிறைய விட்டு, இரண்டு வாரம் அமிழவிட்ட பிறகே நடவு.

கரிசலிலும் களிமண்ணிலும் இதே குழியைத் தோண்டினால் அது கன்றுக்கு நாமே வெட்டிக் கொடுக்கும் கிணறு. சுற்றிலும் தண்ணீர் இறங்காத மண், நடுவில் பொலபொலவென்ற கலவை. பெய்யும் மழையெல்லாம் அங்கே வந்து தங்கும். ஐப்பசி அடைமழையில் கன்று திடீரென்று சாவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அதற்குப் பதிலாக, தரையை அரை அடிக்குக் கொத்திவிட்டு, அதன்மேல் ஆறடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு போடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, தொழு உரம் அரைப் பங்கு. ஓரம் சரியாமல் இருக்கக் கல் வைக்கலாம். சிமெண்ட் பூச வேண்டாம். மழைத் தண்ணீர் விலகிப் போக மேட்டைச் சுற்றி ஒரு சாய்வு வாய்க்காலும் தேவை.

நடவு

மேற்கு மாவட்டங்களில் ஆனி, ஆடி. மற்ற மாவட்டங்களில் ஆடிக் கடைசி முதல் ஆவணி வரை நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தால், வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். அதைத் தவறவிட்டால் தை மாதம் வரை பொறுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நடுவதால் கிடைக்கும் ஒரே வசதி, தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம்; அதற்கு விலையாகக் கன்றைக் கொடுக்க நேரலாம்.

வெளியூரிலிருந்து லாரியில் வரும் கன்றுகள் பல, செங்களிமண் உருண்டையில் இருக்கும். வழியில் ஈரம் காக்கவும் கன்று உடையாமல் வரவும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்த உருண்டையை அப்படியே புதைத்தால், காயும்போது அது சுருங்கி ஓடுபோல் இறுகிவிடும். நாம் ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றி இறங்கிப் போகும், உள்ளே போகாது. வேரும் வெளியே வராது. ஆறு மாதம் கழித்துப் பட்டுப்போன கன்றைத் தோண்டினால், நட்டபோது இருந்த அதே உருண்டை அதே அளவில் வெளியே வரும். இதற்கு வழி: பையோடு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பையைக் கத்தியால் கீறி எடுத்து, உருண்டையின் வெளிப்புறத்தில் அரை அங்குலக் களிமண்ணை மட்டும் விரலால் வழித்துவிடுங்கள். முழுவதையும் கழுவ வேண்டாம். சதைவேர் மளுக்கென்று ஒடியும். அடியில் வட்டமாகச் சுற்றிய வேர் இருந்தால் பிய்க்காமல் பிளேடால் சுத்தமாக நறுக்குங்கள்.

கன்றின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், சுற்றுத் தரையைவிட இரண்டு அங்குலம் மேலே நிற்க வேண்டும். மண் அமிழ்ந்த பிறகு சமமாகிவிடும். ஒட்டுக் கட்டிய இடம் எப்போதும் மண்ணுக்கு மேல் நான்கு அங்குலமாவது இருக்கட்டும். ஒட்டில் சுற்றிய பாலிதீன் நாடா இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒட்டுத் தழும்புக்கு எதிர்ப்புறத்தில் பிளேடால் ஒரே கீறலில் அறுத்துவிடுங்கள். தண்டு பருக்கும்போது அந்த நாடா உள்ளே வெட்டிப் புதைந்து, நன்றாக வளர்ந்த இரண்டு வயதுக் கன்று ஒரு காற்றில் சரியாக அந்த இடத்திலேயே முறியும். பார்க்கவே வயிற்றெரிச்சலாக இருக்கும். தவிர்க்க அரை நிமிடம் போதும்.

தாங்குகுச்சி இரண்டு, தண்டிலிருந்து ஓரடி தள்ளி இருபுறமும். பழைய பருத்தித் துணியால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். ஓராண்டில் எடுத்துவிட வேண்டும்.

தண்ணீர்

முதல் நாற்பது நாளும் உருண்டை காயவும் கூடாது, குழி நிறையவும் கூடாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை 8 முதல் 10 லிட்டர் கொடுங்கள். மழை பெய்தால் நிறுத்துங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். மூன்றாம் மாதத்திலிருந்து வாரம் இருமுறை 15 லிட்டர். பாத்தி தண்டை ஒட்டி இல்லாமல் ஒன்றரை அடி தள்ளி வளையமாக இருக்கட்டும். இரண்டாம் ஆண்டில் வளையத்தை மூன்றடிக்குத் தள்ளுங்கள். மூன்று ஆண்டு தாண்டிய மரத்துக்குக் கோடையில் வாரம் ஒருமுறை 40 லிட்டர் போதும். ஆனால் பங்குனி, சித்திரையில் விட்டு விட்டுத் தண்ணீர் கொடுத்தால் மொட்டு உதிரும்.

எந்தத் தண்ணீர் என்பதும் பெரிய விஷயம். ஆர்.ஓ. எந்திரத்தின் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பரவிவிட்டது. குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. செண்பகத்துக்கு அது கூடாது. துணி துவைத்த தண்ணீரும் கூடாது. கடினமான போர்த் தண்ணீர் மட்டுமே இருக்கிறது என்றால், மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள். ஆண்டு முழுக்கத் தேங்கிய உப்பை அது கழுவிக் கீழே இறக்கும். வடிகால் இருந்தால் மட்டுமே இது பலிக்கும்.

மூடாக்கு மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த இலை. தண்டிலிருந்து நான்கு விரல் இடைவெளி கட்டாயம். ஒட்டிக்கொண்டால் பட்டை அழுகும், கரையானும் ஏறும். செண்பகம் கோடையில் நிறைய இலை கொட்டும். அதைக் கூட்டி எரிக்காமல் அங்கேயே போட்டுவைத்தால் மரத்துக்கு அதைவிட ஏற்ற மூடாக்கு வேறில்லை.

இலை மஞ்சளானால்

'மஞ்சளாகிறது' என்பது ஒரே நோய் இல்லை. எந்த இலை, எப்படி மஞ்சளாகிறது என்று பார்த்தால் காரணம் பிடிபடும்.

நுனியில் வரும் புது இலை வெளிறி மஞ்சளாக, அதன் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை; சுண்ணாம்பு மண்ணில் அது கரையாத வடிவத்தில் பூட்டிக் கிடக்கிறது, வேரால் எடுக்க முடியவில்லை. உடனடிக்கு அன்னபேதி எனும் ஃபெரஸ் சல்பேட் 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. கரைசலைக் கலந்த உடனே தெளித்துவிட வேண்டும். வைத்திருந்தால் துருப்பிடித்த நிறமாகி வீணாகும். அன்னபேதியை மண்ணில் போடுவது சுண்ணாம்பு மண்ணில் காசை மண்ணில் போடுவதுதான், சில நாளில் அதுவும் பூட்டிக்கொள்ளும். கடையில் 'சீலேட்டட் இரும்பு' கேட்டால் பெரும்பாலும் இ.டி.டி.ஏ. வகையைக் கொடுப்பார்கள், அது கார மண்ணில் சிதைந்துவிடும். இ.டி.டி.எச்.ஏ. வகை என்று கேட்டு வாங்குங்கள். இளங்கன்றுக்கு 5 கிராமை 5 லிட்டரில் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றினால், அடுத்து வரும் குருத்து பச்சையாக வரும்.

கீழே உள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. மண்புழு உரம் இரண்டு கிலோ போட்டு, கடலைப் புண்ணாக்கு 100 கிராமை இரண்டு நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றினால் தெளியும். இலையின் நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பாகக் கருகினால் உப்பு, தண்ணீரைப் பாருங்கள்.

மண் ஈரமாக இருக்கும்போதே மொத்தச் செடியும் தலை தொங்கினால் அது வேரழுகல். பலர் வாட்டத்தைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள், அத்தோடு முடிந்தது. ஓரமாகத் தோண்டி ஒரு வேரைப் பாருங்கள். நல்ல வேர் உள்ளே வெளிர் நிறமாக உறுதியாக இருக்கும்; அழுகிய வேரின் தோல் கையோடு கழன்று வரும், நாற்றமும் இருக்கும். தண்ணீர் வெளியேற ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டி, மூடாக்கை நீக்கி, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் வீதம் 5 லிட்டர் ஊற்றுங்கள். டிரைக்கோடெர்மாவை அதோடு கலக்கக்கூடாது, தாமிரம் அதையும் கொன்றுவிடும். பதினைந்து நாள் கழித்துத் தொழு உரத்தில் கலந்து போடலாம். பாதி வேருக்கு மேல் போயிருந்தால் பிழைப்பது அரிது.

வீட்டுத் தோட்டத்துப் பழக்கங்கள் சில இந்த மரத்துக்கு நேர் எதிரி: அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு, எலும்புத் தூள், தண்டில் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்து மிச்சத்தை அடியில் கொட்டுவது. முருங்கைக்கும் ரோஜாவுக்கும் சொன்னதை இங்கே செய்யாதீர்கள்.

இரண்டாம் ஆண்டிலிருந்து

ஆனியிலும் தையிலும் தொழு உரம் 5 கிலோ, வேப்பம் புண்ணாக்கு கால் கிலோ. நான்காம் ஆண்டில் இதை 15 கிலோ, ஒரு கிலோ என உயர்த்துங்கள். கொத்திக் கலக்காமல் மூடாக்கை விலக்கி, பரப்பி, மறுபடி மூடினால் போதும். வேர்கள் மேல்மட்டத்தில்தான் ஓடுகின்றன. யூரியா அள்ளிப் போட்டால் இலை கையகலத்துக்கு வரும், பூ வராது.

ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை எப்போது பார்த்தாலும் ஒடித்துவிடுங்கள். அது வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக்கு அடியில் வேரோடு நிற்கும் விதைக் கன்றின், கிளை; வேகமாக வளர்ந்து ஒட்டை அமுக்கிவிடும். நான்கு ஆண்டு கழித்து 'ஒட்டுக் கன்றுதான் வாங்கினேன், பூக்கவில்லை' என்றால், நிற்பது ஒட்டா, வேர்ச்செடியா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கவாத்து: மூன்றாம் ஆண்டில் நடுத்தண்டை எட்டடியில் வெட்டினால் மரம் பக்கவாட்டில் விரியும், பூ கைக்கு எட்டும். பூ வருவது புதுக்கிளையின் இலைக்கக்கத்தில் என்பதால், ஒரு பூப்பருவம் முடிந்தவுடன் கிளை நுனியை நான்கைந்து அங்குலம் வெட்டினால் பக்கக்கிளைகள் கூடும், அடுத்த முறை மொட்டும் கூடும். கட்டைவிரலைவிடப் பருத்த கிளையை வெட்ட நேர்ந்தால் காயம் ஆற நாளாகும், மழைக்காலத்தில் வெட்டவே கூடாது. வெட்டுவாயில் போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை அரை லிட்டரிலும் தனித்தனியாக பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, பிறகு ஒன்றாக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் உதவாது.

பூச்சிகளில் தொந்தரவு தருவது செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும். இலையில் பிசுபிசுப்பு, அதன்மேல் கரும்பூசணம், தண்டில் எறும்பு வரிசை ஆகியவை அடையாளம். எறும்பை நிறுத்தாமல் பூச்சி போகாது. தண்டில் பாலிதீன் பட்டை சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பிறகு வேப்பெண்ணெய் 10 மில்லி, காதி சோப்புக் கரைசல் ஒரு தேக்கரண்டி, ஒரு லிட்டர் தண்ணீர்; வாரம் ஒருமுறை மூன்று தடவை, வெயில் சாய்ந்த பிறகு. தண்டில் துளையும் மரத்தூளும் தெரிந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. கம்பியால் குத்தி, சிரிஞ்சில் வேப்பெண்ணெய் விட்டுக் களிமண்ணால் அடையுங்கள்.

இலையைக் கடிக்கும் பச்சைப் புழுவைக் கொல்ல வேண்டாம். கறுப்புச் சிறகில் பச்சைப் புள்ளிகளோடு படபடத்துப் பறக்கும் அழகிய வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அது. நெட்டிலிங்கம், சீத்தா, செண்பகம் இவைதான் அதற்கு உணவு. ஐந்தடிக்கு மேல் வளர்ந்த மரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சிறு கன்றானால் புழுவை இலையோடு எடுத்துப் பக்கத்து நெட்டிலிங்கத்தில் விடலாம்.

பூவை விடியற்காலையில், பாதி விரிந்த நிலையில், காம்போடு கிள்ளுங்கள். கொக்கி போட்டு இழுத்தால் இளங்கிளை ஒடியும். அடுத்த பருவத்து மொட்டுகள் அதில்தான் வர வேண்டியிருந்தன. பறிக்காமல் விட்டால் பூ காய்க் கொத்தாகும், மரத்தின் பலம் அதற்குப் போகும். கன்று வேண்டுமானால் இரண்டு மூன்று கொத்தை மட்டும் விட்டு, மற்றதைப் பிஞ்சிலேயே எடுத்துவிடுங்கள்.

விதையும் ஒட்டும்

காய்கள் சாம்பல் நிறத்தில், வெண்புள்ளிகளோடு கொத்தாக இருக்கும். வெடித்து உள்ளே செந்நிற விதை தெரியும்போது எடுக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் கொண்டைக்குருவியும் மைனாவும் முந்திக்கொள்ளும். சிவப்பாகத் தெரிவது மேல்சதை. அதில் எண்ணெய் இருக்கிறது, முளைப்பைத் தடுக்கும். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மணலோடு சேர்த்துத் தேய்த்து, கறுப்பு விதை வரும்வரை கழுவுங்கள். மிதப்பதை எறிந்துவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் விதை செத்துவிடும். தபாலில் காய்ந்து வரும் செண்பக விதை முளைக்காததற்குக் காரணம் இதுவே. ஒரு வாரத்துக்குள் விதைக்க முடியாவிட்டால் ஈரமணலில் கலந்து குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

மணலும் தென்னை நார்க்கழிவும் சமமாகக் கலந்த தட்டில் ஒரு சென்டிமீட்டர் ஆழம், மேலே நிழல்வலை. எறும்புக்கும் எலிக்கும் பிடித்த விதை, ஆகவே கம்பிவலை மூடி அவசியம். மூன்று நான்கு வாரத்தில் முளைக்கத் தொடங்கும், ஒரே சமயத்தில் வராது. இரண்டு மாதம் வரை தட்டைக் கொட்டாதீர்கள். நாற்றழுகல் வராமல் சூடோமோனாஸ் எனும் நன்மை பாக்டீரியாத் தூளை லிட்டருக்கு 10 கிராம் கரைத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளியுங்கள். நான்கு இலை வந்ததும் 6-க்கு 9 அங்குலப் பைக்கு மாற்றலாம்.

பென்சில் பருமன் வந்த கன்று ஒட்டுக்கு வேர்ச்செடியாகும். ஆடி முதல் புரட்டாசி வரை காற்றில் ஈரம் இருக்கும் காலம். பூத்த மரத்தின் நுனிக்கிளையில் இலைகளைக் காம்பு மட்டும் விட்டு வெட்டிவிடுங்கள். எட்டு பத்து நாளில் மொட்டு உப்பும், காம்புகள் உதிரும். அப்போது ஐந்து அங்குல ஒட்டுக்குச்சியாக வெட்டி, அடியை ஒன்றரை அங்குலத்துக்கு ஆப்பு வடிவில் சீவி, வேர்ச்செடியின் பிளவில் செருகி, 200 கேஜ் பாலிதீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்ற வேண்டும். இரண்டின் பருமனும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒரு பக்கப் பட்டையாவது நேருக்கு நேர் சேரட்டும். மேலே ஐஸ் குச்சிப் பையைக் கவிழ்த்துக் கட்டி நிழலில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் துளிர் வரும். இரண்டு இலை விரியும் முன்பே பையைக் கழற்றினால் வாடிவிடும்.

கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு நெருக்கு ஒட்டுதான் பாதுகாப்பு, ஏனென்றால் குச்சி தாய்மரத்திலிருந்து பிரியாமலே ஒட்டுகிறது. வேர்ச்செடியைப் பையோடு தாய்மரக் கிளை உயரத்துக்குப் பரண் கட்டி நிறுத்தி, இரண்டிலும் இரண்டு அங்குலத்துக்குப் பட்டையோடு சிறிது மரத்தையும் சீவி, காயத்தோடு காயம் சேர்த்துக் கட்டுங்கள். பையின் மண் ஒரு நாளும் காயக்கூடாது. இரண்டரை முதல் மூன்று மாதத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரே வெட்டில் பிரிக்காமல், ஒட்டுக்குக் கீழே தாய்க்கிளையில் முதலில் பாதி ஆழம் வெட்டுங்கள். பத்து நாள் கழித்தும் இலை வாடாமல் இருந்தால் மீதியையும் வெட்டி, ஒட்டுக்கு மேலே உள்ள வேர்ச்செடித் தலையை நீக்கி, மூன்று வாரம் நிழலில் வைத்த பிறகு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள்.